படகுக்குப் பூசிய பெயின்ட், சிப்பிக்கு வந்த கேடு

பிரான்ஸின் மேற்குக் கரையில் ஆர்க்கஷோன் என்றொரு விரிகுடா. அட்லாண்டிக் அலைகளின் சீற்றத்தை மணல் திட்டுகள் தடுத்துவிடுவதால் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். சிப்பி வளர்ப்பு அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். கோடையில் சிப்பிகள் முட்டையிடும் நேரம் பார்த்து, சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளை அடுக்கி நீருக்குள் வைப்பார்கள். மிதந்து திரியும் குஞ்சுகள் அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பக்குவமாகச் சுரண்டி எடுத்து வளர்ப்பிடங்களில் விட்டால் சில ஆண்டுகளில் சந்தைக்குப் போகும்.

1970-களின் பிற்பாதியில் அந்த ஓடுகள் வெறுமையாக இருந்தன. முட்டைகள் பொரிந்தாலும் குஞ்சுகள் சில நாளிலேயே செத்தன. ஏற்கெனவே வளர்ந்திருந்த சிப்பிகளோ உருக்குலைந்தன. தட்டையாக நீள வேண்டிய சிப்பியின் ஓடு பக்கவாட்டில் தடித்து உருண்டையானது. உடைத்துப் பார்த்தால் ஓட்டின் அடுக்குகளுக்கு நடுவே சிறுசிறு அறைகள், அவற்றில் கூழ்போன்ற திரவம். அதற்குள்ளே சுருங்கிக் கிடந்த சதையை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டன் வரை எடுத்த விரிகுடாவில் 1981-ல் கிடைத்தது வெறும் 3,000 டன்.

இத்தனைக்கும் அந்த மக்கள் அப்போதுதான் ஓர் அடியிலிருந்து எழுந்திருந்தார்கள். பழைய போர்த்துகீசியச் சிப்பி இனம் நோயால் அழிந்துபோக, பசிபிக் கடல் இனத்தைக் கொண்டுவந்து தொழிலை மீட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

பிரெஞ்சு ஆய்வாளர் கிளோத் அல்சியூவும் அவருடைய குழுவினரும் காரணத்தைத் தேடிப் போனபோது, அது உல்லாசப் படகுகளின் அடிப்புறத்தில் இருந்தது. கடலில் நிற்கும் எந்தப் படகிலும் பாசியும் கொட்டலசும் பிடிக்கும். அடிப்புறம் சொரசொரப்பானால் வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும். 1960-களில் இதைத் தடுக்க வந்த புதுப் பெயின்டில் ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. சுருக்கமாக டி.பி.டி. ஒட்ட வரும் உயிரைக் கொல்வதே அதன் வேலை. அது பெயின்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கசியும். ஆயிரக்கணக்கான படகுகள் நெருக்கியடித்து நிற்கும், பெரும்பாலும் மூடிய விரிகுடாவில் கசிந்தது எளிதில் வெளியேற வழியில்லை.

மீனென்றால் நீர் கெட்ட இடத்தை விட்டு விலகிப் போகப் பார்க்கும். சிப்பி எங்கே போகும்? ஒட்டிய இடத்திலேயே இருந்து, மணிக்குப் பல லிட்டர் நீரை உறிஞ்சி வடிகட்டித்தான் அது இரை எடுக்கிறது. நீரில் இருக்கும் நஞ்சும் அதோடு சேர்ந்து உடலில் தங்கிவிடும்.

பிரான்ஸ் அரசு 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இந்தப் பெயின்டைத் தடைசெய்தது. அந்தக் கோடையிலேயே ஓடுகளில் குஞ்சுகள் ஒட்டத் தொடங்கின. இத்தனை விரைவாகப் பலன் தந்த கடல் பாதுகாப்புச் சட்டங்கள் அதிகமில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் இன்னொரு விபரீதம். பாறைகளில் வாழும் ஒருவகை இரைதின்னி நத்தையில், பெண்களுக்கு ஆண் உறுப்பு வளர்ந்திருப்பதை 1970-லேயே ஓர் ஆய்வாளர் பதிவு செய்திருந்தார். பிரையன், கிப்ஸ் ஆகியோரின் குழு 1986-ல் அதை டி.பி.டி.யோடு இணைத்துக் காட்டியது. அந்த உறுப்போடு சேர்ந்து புதிதாக வளரும் குழாய், முட்டை வெளிவரும் வழியை அடைத்துவிடும். முட்டைப் பைகள் உள்ளேயே திரண்டு, கடைசியில் அந்த நத்தை சாகும். இதற்கு லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவே போதும். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியில் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் வரும் அளவு அது! அன்றைய பல கருவிகளால் அளக்கவே முடியாத அளவை நத்தையின் உடல் காட்டிக்கொடுத்தது.

இந்த நத்தையின் குஞ்சுகள் நீரில் மிதந்து பரவுவதில்லை. முட்டைப் பையிலிருந்து வெளிவந்ததும் அதே பாறையில் ஊர்ந்து வாழும். ஆகவே ஒரு பாறையில் இனம் அற்றுப்போனால், பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் நிரப்பியாக வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தின் டம்ப்டன் கேப் என்னுமிடத்தில் ஒரு கூட்டம் தப்பிப் பிழைத்தது. அங்குள்ள ஆண் நத்தைகள் சிலவற்றில் பரம்பரைக் குறையால் ஆண் உறுப்பு சரியாக வளர்வதில்லை. அந்தக் குறையைச் சுமந்த பெண்களின் முட்டை வழியும் அடைபடவில்லை. ஊனமே உயிரைக் காத்த அபூர்வம் அது.

மீனும் தப்பவில்லை. சால்மன் வளர்க்கும் கூண்டு வலைகளில் பாசி படியாதிருக்க இதே மருந்தைத் தோய்த்தார்கள். அப்படி வளர்ந்த சால்மனின் சதையில் டி.பி.டி. சேர்ந்திருப்பதையும், சமைத்தாலும் அது அழிவதில்லை என்பதையும் 1986-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் சிறு படகுகளிலும் மீன் கூண்டுகளிலும் அதைத் தடைசெய்தது.

பெரிய கப்பல்களின் கணக்கு தீர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. இந்தப் பெயின்டைத் தடைசெய்யும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்பந்தம் 2001-ல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் கப்பல்கள் கடலில் விட்ட நஞ்சை நினைத்தால் மனம் கனக்கிறது. டி.பி.டி.க்கு மாற்றாகச் செம்புப் பெயின்டோடு கலந்த சைபுட்ரின் என்ற மருந்து கடல்தாவரங்களைத் தாக்குவது தெரிந்து, 2023 முதல் அதற்கும் உலகளவில் தடை வந்திருக்கிறது.

நீரில் டி.பி.டி. சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். காற்றுப் புகாத துறைமுகச் சேற்றிலோ பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். தூர்வாரினால் மறுபடி மேலே கிளம்பும் என்பதால், சேற்றை அள்ளிக் கடலில் கொட்டுவதற்கு முன் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். பிரிட்டன் பாறைகளுக்கு நத்தைகள் மெல்ல ஊர்ந்து திரும்பிக்கொண்டிருக்கின்றன. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆய்வாளர்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்து, பெண் நத்தைகளில் அந்த உறுப்பு இன்னும் தென்படுகிறதா என்று உருப்பெருக்கியில் அளந்து பார்க்கிறார்கள்.