முகப்பு விளக்கு வில்லை மங்கல்

முகப்பு விளக்கு வில்லை மங்கல் என்பது தானுந்துகளின் முகப்பு விளக்கை மூடியுள்ள ஒளிபுகும் நெகிழி வில்லை, வெயிலால் மஞ்சள் நிறமாகிப் பனி படர்ந்ததுபோல் தெளிவிழப்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் ‘கண்ணாடி’ எனப்பட்டாலும், இக்காலக் கார்களில் இவ்வில்லை பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் நெகிழியால் ஆனது.

பின்னணி

அமெரிக்காவில் 1940 முதல் கண்ணாடி முகப்புடைய மூடிய விளக்குகளே கட்டாயமாக இருந்தன. 1983இல் விதி திருத்தப்பட்டு நெகிழி வில்லைகளுக்கு இடமளிக்கப்பட்டது. பாலிகார்பனேட் எடை குறைந்தது. கல் தெறித்தாலும் எளிதில் உடையாது. வேண்டிய வடிவில் வார்க்கலாம். ஆனால் எளிதில் கீறல் விழும். புற ஊதாக் கதிர்களையும் நெடுநாள் தாங்காது. எனவே தொழிற்சாலையிலேயே அதன்மேல் கடினமான காப்புப் பூச்சு ஒன்று இடப்படுகிறது.

காரணமும் விளைவும்

வெயில், மணல் துகள், கடும் வேதிப்பொருள்கள் ஆகியவற்றால் காப்புப் பூச்சு நாளடைவில் தேய்ந்து உரிகிறது. அதன்பின் புற ஊதாக் கதிர்கள் நெகிழியின் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிதைப்பதால் மேற்பரப்பு மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. மங்கிய வில்லை ஒளியைச் சிதறடிப்பதால் இரவில் சாலை தெரியும் தொலைவு குறைகிறது. எதிரே வருபவரின் கண்ணும் கூசுகிறது. விளக்கை மாற்றினாலும் இக்குறை தீராது.

தடுக்கும் முறைகள்

* வண்டியை நிழலில் நிறுத்துதல் அல்லது உறையிட்டு மூடுதல்.
* மென்மையான சோப்பு நீரால் கழுவுதல். தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும்.
* பெட்ரோல், தின்னர் போன்றவற்றைத் தவிர்த்தல்.
* புற ஊதாக் காப்புள்ள மெழுகை அவ்வப்போது பூசுதல் அல்லது காப்புப் படலம் ஒட்டுதல்.

சீரமைத்தல்

வில்லையைக் கழுவி, சுற்றியுள்ள பெயின்டின்மேல் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். பின்னர் நீர் விட்டுக்கொண்டே 800, 1500, 2000, 3000 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எண் கூடக்கூடத் தாள் நயமாகும். முந்தைய தாளின் கீறல் மறைந்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இறுதியில் பாலிஷ் இட்டால் தெளிவு திரும்பும்.

தேய்க்கும்போது எஞ்சிய தொழிற்சாலைப் பூச்சும் நீங்கிவிடுகிறது. எனவே புற ஊதாக் காப்புள்ள புதிய பூச்சை உடனே இட வேண்டும்; இடாவிட்டால் சில மாதங்களிலேயே மங்கல் திரும்பும்.

பற்பசையால் தேய்ப்பது மேலோட்டமான மங்கலை மட்டும் குறைக்கும், காப்பு தராது. டீட் கலந்த கொசுவிரட்டி நெகிழியின் மேற்பரப்பைக் கரைப்பதால் தற்காலிகமாகப் பளபளப்பூட்டினாலும் வில்லைக்குக் கேடு செய்யும்.

மாற்ற வேண்டிய நிலை

உட்புறப் படிவு, ஆழமான வெடிப்பு ஆகியவற்றை வெளியே தேய்த்துச் சரிசெய்ய முடியாது. விளக்குக்குள் நீர் புகுந்திருந்தால் கசியும் இடத்தை அடைக்க வேண்டும். பல வண்டிகளில் விளக்குத் தொகுதியையே மாற்ற நேரிடும்.