வீட்டு முற்றத்தில் அறுகந்தரை
இரசாயன உரமும் விஷமருந்துமின்றிப் பேணும் முறை

புன்செய் நிலத்தில் அறுகம்புல்லைக் காணும் குடியானவர் மகிழ்வதில்லை. கோடை உழவில் அதன் வேரைக் கிளறிப் பொறுக்கிக் குவித்து, வெயிலில் உலர்த்தித் தீயிட்ட பின்னரும், அடுத்த மழையில் எங்கோ தப்பிக் கிடந்த ஒரு கணுவிலிருந்து அது மீண்டும் தலைகாட்டும். ஆயின் அவரே தமது வீட்டின் முன்புறத்தில் பசும்புல் தரை வேண்டுமென்று கருதும்பொழுது, நகரத்து நாற்றுப் பண்ணையிலிருந்து பத்தை பத்தையாக வெட்டிய அயல்நாட்டுப் புல்லை விலைகொடுத்து வருவிக்கிறார். நமது வெயிலுக்கும், வறட்சிக்கும், ஓரளவு உவர்நீருக்கும் ஈடுகொடுத்து நிற்பதில் வயலில் பகையாயிருக்கும் அவ்வறுகுக்கு இணையான முற்றத்துப் புல் வேறில்லை என்பதை முதற்கண் கூறிவிடுதல் நலம்.

தமிழ் நாட்டு வீடுகளின் முற்றம் தொன்றுதொட்டுப் புல்லின்றி வைக்கப்பட்டதே. நாள்தோறும் பெருக்கிச் சாணநீர் தெளித்துக் கோலமிடும் வாசலில் புல்லுக்கு இடமில்லை. பாம்பும் தேளும் கண்ணுக்குத் தப்பாதிருப்பதற்கும் அதுவே ஏற்ற வழக்கம். புல்தரை என்பது ஆங்கிலேயரின் பங்களாக்களோடு வந்து சேர்ந்த ஏற்பாடு. அவர்கள் நாட்டில் வருஷம் முழுவதும் தூறல் உண்டு, வெயிலோ குறைவு. அங்குள்ள முறையை அப்படியே இங்கு அனுசரிப்பதாலேயே பெரும்பாலான புல்தரைகள் கிணற்றை வற்றச் செய்வதும், விஷமருந்துக் கடைக்குச் செலவு வைப்பதும் நேரிடுகின்றன. வாசலை வாசலாகவே விட்டு, அதற்கப்பால் புழுதி பறக்கும் பகுதியிலும், மழைநீர் அரித்தோடும் சரிவிலும் மட்டும் புல் வளர்த்தலே தக்கது.

எவ்வளவு இடம்?

இக்கேள்விக்கு விடை கிணற்றில் உள்ளது. அறுகு பசுமை மாறாதிருக்க வேண்டுமாயின், மழையில்லாத காலத்தில் வாரம் ஒன்றுக்கு ஓர் அங்குல அளவு நீர், அதாவது 25 மில்லிமீட்டர், தேவைப்படும். ஒரு செண்டு நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆகவே செண்டு ஒன்றுக்கு வாரந்தோறும் 1,000 லிட்டர் நீர் செல்லும். பத்து செண்டில் புல் வைத்தவர் வாரம் 10,000 லிட்டர் இறைத்தாக வேண்டும். கோடையில் வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்கு 50 லிட்டர் நீர் குடிப்பதாகக் கொண்டால், இது ஏறத்தாழ 28 மாடுகளின் குடிநீராகும். சித்திரையில் கிணற்றில் ஊற்று எவ்வளவு என்பதை அறிந்தவர் இக்கணக்கை மனத்திற்கொண்டு இடத்தை அளந்துகொள்ளட்டும். இரண்டு அல்லது மூன்று செண்டு போதுமானதென்பதே பெரும்பாலான வீடுகளுக்குக் கூறத்தக்கது.

இதற்கு மற்றொரு வழியும் உண்டு. செலவைக் கருதுவோருக்கு அதுவே சிறந்தது. அறுகு நீரின்றிப் பழுப்பேறினால் இறந்துவிட்டதென்று கொள்ளலாகாது. மேலிலை உலரினும், மண்ணுக்குள் ஓடும் தண்டில் உயிர் தங்கியிருந்து, முதல் மழையில் துளிர்த்துவிடும். கோடையில் இரண்டு மாதம் முற்றம் பழுப்பாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டாருக்கு நீர்ச்செலவு பெரும்பாலும் இல்லை. அயல் புல்வகைகளிற் பல இச்சோதனையைத் தாங்கமாட்டா. ஊராட்சி அலுவலகத்தின் முன்பும் பள்ளிக்கூட வளவிலும் புல் வைக்க விரும்பும் கிராம அதிகாரிகள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். குடிநீர்க் குழாயடிக்கு மக்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் மாதத்தில், அதே நீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவது ஊரார் மனத்தில் நியாயமான கசப்பை விளைவிக்கும். குழாயடியில் சிந்தி வழியும் நீரைச் சிறு வாய்க்காலில் திருப்பிவிடுவதில் எவருக்கும் ஆட்சேபமிராது. துணி துவைத்த சவர்க்கார நீரை மட்டும் தொடர்ந்து விடலாகாது. அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுகச் செய்து, நாளடைவில் நீர் உட்செல்லாத களராக்கிவிடும்.

நிலத்தைப் பண்படுத்துதல்

புல்தரையின் ஆயுளை நிர்ணயிப்பது புல்லன்று, நடுவதற்கு முந்திய இரண்டு மாத வேலையே. சித்திரை, வைகாசியில் நிலத்தை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிக் கற்களையும் வேர்களையும் நீக்கி வெயிலில் ஆறப்போட வேண்டும். இவ்வேலையில் முக்கியமாகத் தேட வேண்டியது கோரைக் கிழங்கு. 1977-ஆம் ஆண்டில் உலகின் கொடிய களைகளைப் பற்றி வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நூல் கோரைக்கே முதலிடம் தந்தது. நன்செய்க் குடியானவருக்கு அந்நூலின் சாட்சியம் வேண்டியதில்லை. ஒரு கிழங்கிலிருந்து இழைபோன்ற தண்டு ஓடி அடுத்த கிழங்கைக் கட்டும், அதிலிருந்து மற்றொன்று. மேலே தெரியும் தாளைப் பிடுங்கினால் இழை அறுந்து, கிழங்கு உள்ளேயே தங்கிவிடும்.

ஆகையால் கொத்திய நிலத்துக்கு ஒருமுறை நீர்விட்டு, களை முளைக்கும்படி செய்து, முளைத்தவற்றைக் கிழங்கோடு கெல்லியெடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து மீண்டும் நீர்விட்டு, மீண்டும் கெல்ல வேண்டும். இவ்வாறு மூன்று தடவை செய்தால் கோரை அறவே ஒழிந்துவிடுமென்று கூறுவதற்கில்லை. எனினும் அறுகு படர்ந்து நிலத்தை மூடிக்கொள்வதற்குள் அது தலையெடுக்காதபடி அடங்கும். இவ்வுழைப்பைத் தவிர்க்க எண்ணிச் சிலர் உப்பைக் கொட்டுகின்றனர். உப்பு கோரையைவிட மண்ணையே முன்னதாகக் கெடுக்கும். கிளைபோசேட் முதலிய களைக்கொல்லிகளைத் தெளிப்போர், அம்மருந்து கோரைக்கும் அறுகுக்கும் வேற்றுமை அறியாதது என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஏரி வண்டல் புல்லுக்கு நல்லதென்று வண்டியில் கொணர்ந்து கொட்டுவது பரவலான வழக்கம். வண்டல் வளமானதே, ஆயின் பல ஏரிகளின் வண்டலில் கோரைக் கிழங்கும் உடன் வருகிறது. சலித்துப் பாராமல் அதனைப் பரப்புவோர் தாமே களையை விதைப்பவராவர். ஆறாத சாணத்திலும் இதே தீங்கு உண்டு. மாடு தின்ற களைகளின் விதைகளிற் பல சாணத்தில் உயிரோடிருக்கும். குவியலாக இட்டு உட்சூடேறி மக்கிய எருவில்தான் அவை மடியும்.

செண்டு ஒன்றுக்கு 200 கிலோ மக்கிய தொழு உரத்தை இட்டுக் கலந்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சரிவிருக்கும்படி மட்டஞ்செய்து, ஆடி, ஆவணியில் முதல் மழை பெய்தவுடன் நடலாம். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர்பிடித்துவிடுவதே நோக்கம்; தாமதித்து நட்டவை வெள்ளத்தோடு வாய்க்காலுக்குப் போகும். வயல் வரப்பிலிருந்து வேரோடு பெயர்த்த அறுகை இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக ஈரமண்ணில் ஊன்றுவது எளிய முறை. விரைவில் மூட வேண்டுமானால், நறுக்கிய அறுகோடு சம அளவு தோட்டமண்ணும் பசுஞ்சாணமும் சிறிது சாம்பலும் கூட்டி, நீர்விட்டுக் குழைத்து, ஓர் அங்குலக் கனத்துக்கு நிலத்தின்மீது பூசி, மேலே வைக்கோல் பரப்பி ஈரம் காக்கலாம். சுவருக்குச் சாந்து பூசுவது போன்ற இம்முறை நம் பெண்டிருக்குச் சொல்லித்தர வேண்டியதன்று.

மரநிழலில் இவ்வளவும் வீண். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படாத இடத்தில் அறுகு மெலிந்து மறையும். மாமரத்தடியிலும் வேம்பினடியிலும் உதிர்ந்த இலையையே போர்வையாக விட்டுவிடுதல் புத்திசாலித்தனம். அங்கும் புல் வேண்டுமென்று பிடிவாதமுள்ளோர் அகன்ற இலையுடைய செயின்ட் அகஸ்டின் புல்லை வைக்கலாம். அதற்கு நீர் கூடுதலாக வேண்டும்.

உணவும் அறுப்பும்

தழைச்சத்து குறைந்த புல் வெளிறிப்போகும்; அந்த இடைவெளியில் நெருஞ்சியும் அம்மான் பச்சரிசியும் குடியேறும். இதற்கு யூரியாவைத் தூவுவோர் இரண்டு வாரத்தில் கரும்பச்சையைக் காண்பர். உடன் அறுப்புக் கூலியும் பெருகும். வேப்பம் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு தழைச்சத்து உண்டு. அது மண்ணில் மெதுவாகக் கரைவதால் மழையில் அடித்துச் செல்லப்படுவதும் குறைவு. செண்டு ஒன்றுக்கு 4 கிலோ பிண்ணாக்கை இடித்துத் தூளாக்கி, இருமடங்கு மணலோடு கலந்து தூவி நீர் பாய்ச்சினால் 200 கிராம் தழைச்சத்து கிடைக்கும். மழைக்கு முன் ஆவணியில் ஒருமுறையும், குளிர் நீங்கிய மாசியில் ஒருமுறையும் இது போதும். கடலைப் பிண்ணாக்கில் சத்து இன்னும் மிகுதியென்பது மெய்யே. ஆயினும் மாட்டுக்குரிய தீனியைப் புல்லுக்குப் போடுவதில் பொருளில்லை. சாம்பலை நமது சுண்ணாம்பு நிலங்களில் அதிகமாகத் தூவலாகாது. அது மண்ணின் காரத்தைக் கூட்டும்.

வளவில் விழும் இலை, சமையலறைக் கழிவு, சாணம், சிறிது மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு ஈரங்காத்து, பதினைந்தாம் நாளும், ஒரு மாதத்திலும், இரண்டு மாதத்திலும் கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் கம்போஸ்டு எரு ஆயத்தமாகும். ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் வகுத்து 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட முறையின் சுருக்கம் இதுவே. அவர் இதற்கு வேண்டிய பாடத்தைப் பெருமளவு இந்தியக் குடியானவரிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டவர். இவ்வெருவைச் சலித்து, செண்டுக்குப் பன்னிரண்டு கூடை வீதம் வருஷத்துக்கு ஒருமுறை மேலே தூவிப் பெருக்குமாற்றால் தட்டிவிட வேண்டும்.

அறுப்பில் ஒரே விதி: இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒருமுறையில் வெட்டலாகாது. ஒட்ட மொட்டையாக அறுத்தால் வேர் மேலேறி, வறட்சி தாங்காது. அறுகை ஒன்றரை அங்குல உயரத்தில் நிறுத்துவது நன்று. சிறிய இடத்துக்கு அரிவாளோ தோட்டக் கத்தரியோ போதும். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-ஆம் ஆண்டில் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்யும் வரையில் உலகெங்கும் கைக்கருவியால்தான் அறுத்தனர். நறுக்கு பொடியாயிருப்பின் அங்கேயே விட்டுவிடலாம்; அதுவும் எருவே. மழைக்காலத்துக் கட்டி கட்டியான ஈரநறுக்கை வாரித் தொழுவத்தில் போடுக.

வேர்ப்புழு

புல் திட்டுத்திட்டாகக் காய்ந்து, கையால் பற்றி இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல் பெயர்ந்து வருமாயின், அடியில் வெண்ணிறமாய் வளைந்து கிடக்கும் வேர்ப்புழுவைக் காணலாம். எருக்குழியிற் காணும் பெரிய புழு பெரும்பாலும் தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் இளம்பருவம்; அது மக்கும் பொருளைத் தின்பதேயன்றி உயிருள்ள வேரைத் தின்பதன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவோர் பலர்.

வேர்ப்புழுவுக்கு முற்காலத்தில் பி.எச்.சி. தூளை இட்டு வந்தனர். அது 1997-ஆம் ஆண்டில் இந்தியாவில் தடுக்கப்பட்டது. பின்னர்ப் போரேட் குருணை அவ்விடத்தைப் பிடித்தது; 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31 முதல் அதுவும் தடுக்கப்பட்டுள்ளது. பழைய இருப்பு இன்னும் சில வீடுகளின் பரணில் கிடக்கக்கூடும். அதனை முற்றத்தில் இடுவது எத்தகைய அபாயமென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்புல்லில் குழந்தை தவழ்கிறது. அறுத்த புல்லைப் பசு தின்கிறது. விநாயக சதுர்த்திக்கு அறுகு கிள்ளுவதும், அறுகஞ்சாறு பிழிந்து வெறும் வயிற்றில் அருந்துவதும் அங்கிருந்தே. வேறெந்தப் பயிரையும்விட வீட்டாரின் வாய்க்கு நெருக்கமான இப்புல்லில் விஷமருந்துக்கு இடமேயில்லை.

கோடை மழை முதலில் பெய்த மாலைகளில் தாய்வண்டுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, வேம்பு, முருங்கை முதலியவற்றின் தழையைத் தின்னக் கூடும். விளக்கோடு சென்று கிளைகளை உலுக்கி, விழுந்தவற்றைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டுவிட்டால் அவ்வருஷத்துப் புழு பெருமளவு குறையும். இவ்வேலையை ஒரு வீட்டார் மட்டும் செய்வதிலும், தெருவார் கூடிச் செய்வதில் பயன் மிகுதி. மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை மக்கிய எருவோடு கலந்து ஈரமண்ணில் இடுவதும் நற்பயன் தரும். மைனாவும் கொண்டலாத்தியும் புல்லைக் கொத்திக் கிளறுவதைக் கண்டு கல்லெறிவது அறியாமை. அவை தேடுவது புழுவையே.

கடைசியாக ஒன்று. முற்றத்து அறுகு தோட்டத்துக்கும் வயலுக்கும் ஓடாதபடி, புல்தரையைச் சுற்றி ஒரு சாண் ஆழமும் அகலமுமுள்ள பள்ளம் எடுத்து, மாதமொருமுறை அதில் நீளும் ஓடுதண்டுகளை வெட்டி வர வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் செங்கல்லைக் குத்துக்கல்லாக நட்டுவைத்தால் வேலை பாதியாகும்.