இடிபடாமல் தப்பிய மீனவர் குடியிருப்பு: வலென்சியாவின் கபன்யலில் பார்க்கவும் சுவைக்கவும்

ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம் வலென்சியா. காற்பந்து ரசிகர்களுக்கு அந்நகரின் குழுவைத் தெரியும். உணவுப் பிரியர்களுக்குப் ‘பாயெயா’ என்ற சோற்று உணவைத் தெரியும். அங்கே செல்லும் சுற்றுப்பயணிகள் பழைய நகரின் தேவாலயத்தையும் மையச் சந்தையையும் பார்த்துவிட்டு, கடற்கரையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பழைய குடியிருப்பு பலரின் கண்ணில் படுவதில்லை. அதன் பெயர் எல் கபன்யல்.

வண்ண ஓடுகள் பதித்த மாடி வீடுகள், மீன் வாசம் வீசும் சந்தை, தலைமுறை தலைமுறையாக நடக்கும் சாப்பாட்டுக் கடைகள் என்று அங்கே பார்க்கவும் சுவைக்கவும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை இன்றும் அங்கே இருக்கின்றன என்றால், அதற்கு அப்பகுதி மக்கள் 17 ஆண்டுகள் நடத்திய போராட்டமே காரணம். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு நடந்தால், கபன்யலில் காணும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அர்த்தம் கிடைக்கும்.

குடிசைகள் தந்த பெயர்

கபன்யல் என்ற பெயருக்குக் குடிசைகள் இருக்கும் இடம் என்று பொருள். மண் சுவரும், செங்குத்தாகச் சரியும் கூரையும் கொண்ட ‘பராக்கா’ என்ற குடிசைகளில் மீனவர்கள் வாழ்ந்தார்கள். நம் நாட்டு அத்தாப்பு வீடுகளைப் போலவே, அவற்றின் கூரையும் நாணல், வைக்கோல் போன்றவற்றால் வேயப்பட்டது. ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையே எரிந்துவிடும். 1796இலும் 1875இலும் ஏற்பட்ட பெரிய தீ விபத்துகளில் ஏராளமான குடிசைகள் சாம்பலாயின.

அதன் பிறகு மக்கள் மெல்ல மெல்லச் செங்கல் வீடுகளுக்கு மாறினார்கள். ஆனால் பழைய மனைகளின் மேலேயே புதிய வீடுகள் எழும்பின. அதனால்தான் இன்றும் அங்குள்ள வீடுகள் குறுகலாக இருக்கின்றன. தெருக்களும் கடலுக்கு இணையாக, கோடு போட்டாற்போல் நீண்டு செல்கின்றன. ஒரு தெருவுக்கு இன்றும் ‘பராக்கா தெரு’ என்றுதான் பெயர்.

1837 முதல் 1897 வரை இப்பகுதி வலென்சியாவைச் சேராத தனி ஊராக இருந்தது. கடலோரப் புதிய ஊர் என்று பொருள்படும் பெயரில் அதற்குச் சொந்த நகராட்சியும் இருந்தது. பிறகே அது வலென்சியா நகரத்துடன் இணைக்கப்பட்டது. தனி ஊர் என்ற அந்த உணர்வு கபன்யல் மக்களிடம் இன்னும் போகவில்லை.

எழுத்தாளர் பெயரில் வந்த ஆபத்து

வலென்சியா நகரத்திலிருந்து கடலை நோக்கி அகலமான ஒரு சாலை செல்கிறது. அதன் பெயர் பிளாஸ்கோ இபான்யெஸ் பெருஞ்சாலை. அந்தச் சாலை கடலைத் தொடுவதில்லை. கபன்யலின் எல்லையில் உள்ள ரயில் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. நகரத்தை நேராகக் கடலோடு இணைக்கும் ஒரு பெருஞ்சாலை வேண்டும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. அதற்கு வழிவிடாமல் நின்றது கபன்யல்.

1998இல் வலென்சியா நகராட்சி அந்தப் பழைய திட்டத்தை மீண்டும் கையில் எடுத்தது. சாலையைக் கடற்கரை வரை நீட்ட வேண்டுமானால் கபன்யலின் நடுப்பகுதியை இடிக்க வேண்டும். அழிய இருந்த வீடுகளின் எண்ணிக்கை 1,600க்கும் மேல். எஞ்சும் குடியிருப்பு சாலைக்கு இருபுறமும் இரண்டு துண்டாகிவிடும். இத்தனைக்கும் 1993இல்தான், காக்கப்பட வேண்டிய பண்பாட்டுச் சொத்து என்ற சட்டப் பாதுகாப்பு இப்பகுதிக்குக் கிடைத்திருந்தது.

இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. சாலைக்குப் பெயர் தந்த விசென்தே பிளாஸ்கோ இபான்யெஸ், வலென்சியாவில் பிறந்த நாவலாசிரியர். 1895இல் வெளிவந்த அவருடைய ‘ஃப்ளோர் டி மாயோ’ நாவல், இதே கபன்யலின் மீனவர்களையும் மீன் விற்கும் பெண்களையும் பற்றியது. அவர்களின் வாழ்க்கையை எழுத்தில் பதித்தவரின் பெயரைத் தாங்கிய சாலைக்காகவே அவர்களுடைய தெருக்கள் இடிபட இருந்தன.

கதவைத் திறந்து போராடினார்கள்

திட்டம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு ‘கபன்யலைக் காப்போம்’ என்ற மக்கள் இயக்கம் உருவானது. நீதிமன்றத்திலும் தெருவிலும் போராட்டம் நடந்தது. அதோடு அவர்கள் புதிய வழி ஒன்றையும் கண்டார்கள். ‘திறந்த கதவுகள்’ என்ற பெயரில் குடியிருப்பாளர்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் கலைஞர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. ஓவியம் பார்க்க வந்தவர்கள், இடிக்கப்பட இருந்த வீட்டின் தரை ஓடுகளையும் மாடிப்படிகளையும், அங்கே வாழும் மனிதர்களையும் சேர்த்தே பார்த்தார்கள்.

மறுபக்கம், நகராட்சி வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி வாசலைச் செங்கல் வைத்து அடைத்தது. சிலவற்றை இடித்தது. மற்றவர்களுக்கு வீட்டைச் செப்பனிடும் அனுமதி கிடைக்கவில்லை. இடையிடையே வெற்று நிலங்கள் உருவாகின. அவற்றில் குப்பை குவிந்தது. மெல்ல மெல்ல மக்கள் தாமாகவே வெளியேறும் நிலை ஏற்பட்டது.

2009 டிசம்பர் இறுதியில் ஸ்பெயின் கலாசார அமைச்சு, இத்திட்டம் பண்பாட்டுச் சொத்தைச் சூறையாடுவதாகும் என்று கூறி அதை நிறுத்த உத்தரவிட்டது. அப்படியும் 2010 ஏப்ரலில் சில கட்டடங்களை இடிக்க இயந்திரங்கள் வந்தன. தடுக்க முயன்ற மக்களுக்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. 2012இல் உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்தில் உள்ள இடங்களுக்கான தனது கண்காணிப்புப் பட்டியலில் கபன்யலைச் சேர்த்தது. மறு ஆண்டு ‘திறந்த கதவுகள்’ முயற்சிக்கு ஐரோப்பிய மரபுடைமை விருது கிடைத்தது.

2015 நகராட்சித் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய நிர்வாகம் சாலைத் திட்டத்தைக் கைவிட்டது.

நடந்து பார்க்க

கபன்யலை நடந்துதான் பார்க்க வேண்டும். ரெய்னா தெரு, பராக்கா தெரு, புரோகிரெஸ் தெரு ஆகியவற்றில் மெதுவாக நடந்தால் வீட்டு முகப்புகளே கண்காட்சியாக இருக்கும். பச்சை, நீலம், மஞ்சள், பழுப்பு நிறங்களில் பளபளக்கும் பீங்கான் ஓடுகள் சுவர் முழுவதும் பதிக்கப்பட்டிருக்கும். வலென்சியா வட்டாரம் பீங்கான் ஓடு உற்பத்திக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணக்காரர்கள் கட்டடக் கலைஞர்களை வைத்து மாளிகைகள் கட்டினார்கள். கபன்யலின் மீனவர்களும் கொத்தனார்களும் அந்தப் பாணியைப் பார்த்து, தங்கள் கைக்கு எட்டிய ஓடுகளைக் கொண்டு தங்கள் விருப்பப்படி அலங்கரித்தார்கள். அதனால்தான் ஒரு வீட்டைப் போல் இன்னொரு வீடு இருக்காது.

கடற்கரைப் பக்கமாகச் சென்றால் ‘காளை வீடு’ என்று அழைக்கப்படும் பழைய கட்டடம் இருக்கிறது. முகப்பில் காளைத் தலையும் நிழற்கடிகாரமும் உண்டு. அந்தக் காலத்தில் மீன்பிடிப் படகுகளைக் கரைக்கு இழுத்தவை எருதுகள். அவற்றைக் கட்டிவைத்த தொழுவம் இது. எருதுகள் அலையில் இறங்கிப் படகை இழுக்கும் காட்சியை வலென்சியா ஓவியர் ஹொவாக்கின் சொரோயா 1894இல் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது இப்போது பாரிஸ் நகரின் ஓர்சே அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அருகிலேயே 1909இல் கட்டப்பட்ட மீன் ஏலக் கூடம் இருக்கிறது. மொரோக்கோவில் நடந்த போரில் காயமடைந்த ஸ்பானிய வீரர்களுக்கு அது மருத்துவமனையாகவும் பயன்பட்டது.

ரொசாரி தெருவில் உள்ள அரிசி அரும்பொருளகம் சோறு உண்ணும் நமக்குப் பிடிக்கும். பழைய அரிசி ஆலையே அரும்பொருளகமாக மாற்றப்பட்டுள்ளது. நெல்லைக் குத்தி, உமி நீக்கி, அரிசியாக்கும் மர இயந்திரங்களை அங்கே காணலாம். வலென்சியாவில் நெல் சாகுபடியையும் வாய்க்கால் பாசனத்தையும் வளர்த்தவர்கள் அரபு முஸ்லிம்கள். அவர்களின் ஆட்சி அங்கே 1238 வரை நீடித்தது.

பத்து மணிப் பசியாறல்

வலென்சியாக்காரர்கள் காலையில் எழுந்ததும் அதிகம் சாப்பிடுவதில்லை. ஒன்பதரை, பத்து மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு நிதானமாகப் பசியாறுவார்கள். ‘எஸ்மொர்சாரெட்’ எனப்படும் இந்தப் பழக்கத்தைக் கபன்யலில் நன்றாகப் பார்க்கலாம்.

மேசையில் முதலில் நிலக்கடலையும் ஆலிவ் காயும் வரும். பிறகு முழங்கை நீள ரொட்டி ஒன்றைப் பிளந்து, முட்டை, உருளைக்கிழங்கு, இறைச்சி, கணவாய் என்று கேட்டதை அடைத்துத் தருவார்கள். 1921இல் தொடங்கிய லா பாஸ்குவாலா என்ற கடை இதற்குப் பெயர்போனது. கடைசியில் ‘கிரெமாயெட்’ என்ற காப்பி வரும். ரம் மதுவில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல் சேர்த்துத் தீமூட்டி, அதன்மேல் காப்பியை ஊற்றுவார்கள். மது வேண்டாதவர்கள் சாதாரணக் காப்பி கேட்கலாம்.

மீனவர் சோறு

சுற்றுப்பயணிகள் இறால், சிப்பி குவித்த பாயெயாவைத் தேடுவார்கள். ஆனால் வலென்சியாவின் மரபுப் பாயெயா வயலில் பிறந்த உணவு. அதில் கோழி, முயல் இறைச்சி, அவரை வகைகள், குங்குமப்பூ ஆகியவைதான் இருக்கும். கடலோர மக்களின் சோறு வேறு. அதன் பெயர் ‘அரோஸ் ஆ பாண்டா’. விலைபோகாத சிறு மீன்களை மீனவர்கள் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தார்கள். அந்தச் சாற்றில் அரிசியை வேகவைத்தார்கள். சோறு ஒரு தட்டிலும் மீன் ஒரு தட்டிலும் பரிமாறப்பட்டன. ‘ஆ பாண்டா’ என்றால் தனியாக என்று பொருள்.

கபன்யலுக்கே உரிய மற்றொரு உணவு ‘தித்தாய்னா’. தக்காளி, குடைமிளகாய், பைன் மர விதை ஆகியவற்றோடு உப்பிட்டுப் பதப்படுத்திய சூரை மீனின் வயிற்றுப் பகுதியைச் சேர்த்து வதக்குவார்கள். ஈஸ்டர் காலத்தில் இது பல வீடுகளில் மணக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை ‘கிளோச்சினா’ எனப்படும் உள்ளூர்ச் சிப்பி கிடைக்கும். அளவில் சிறியது, ஆனால் சுவை அதிகம். 1836இல் தொடங்கிய காசா மொந்தான்யா என்ற பழைய மதுக்கடையில், மரப் பீப்பாய்களுக்கு நடுவே நின்றபடி இத்தகைய சிறு உணவுகளைச் சுவைக்கலாம்.

சைவ உணவு உண்போருக்கு ‘ஓர்ச்சாத்தா’ உண்டு. கோரைப்புல் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிறு கிழங்குகளை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரக் கொடுப்பார்கள். பார்க்கப் பால் போல இருந்தாலும் அதில் பால் கிடையாது.

கடலில் இறந்தவர்களுக்காக

ஈஸ்டர் வாரத்தில் கபன்யலுக்குச் செல்வோர் ‘கடலோரப் புனித வாரம்’ என்ற விழாவைக் காணலாம். புனித வெள்ளியன்று காலையில் இயேசுவின் திருவுருவங்களைச் சுமந்து கடற்கரைக்குச் சென்று, கடலில் உயிரிழந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். மறுநாள் நள்ளிரவில் பழைய பானை சட்டிகளையும் தண்ணீரையும் மாடியிலிருந்து தெருவில் கொட்டுவார்கள். பழையதைக் கழித்துப் புதியதை வரவேற்கும் வழக்கம் அது.

இப்போதைய கவலை

இயந்திரங்கள் போய்விட்டன. ஆனால் கபன்யல் மக்களின் கவலை தீரவில்லை. காப்பாற்றப்பட்ட அழகிய வீடுகள் இப்போது முதலீட்டாளர்களின் கண்ணில் பட்டுவிட்டன. பல வீடுகள் சுற்றுப்பயணிகளுக்கான குறுகிய காலத் தங்குமிடங்களாகி வருகின்றன. வாடகையும் வீட்டு விலையும் ஏறுகின்றன. 2024 அக்டோபரில் வாடகை உயர்வை எதிர்த்து வலென்சியாவில் ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தினார்கள். சாலைக்காக வெளியேற மறுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அதே தெருவில் வாடகைக்கு வீடு கிடைப்பது இப்போது கடினமாகி வருகிறது.

அதனால் கபன்யலுக்குச் செல்வோர் எங்கே தங்குகிறார்கள், எங்கே செலவழிக்கிறார்கள் என்பதும் முக்கியம். குடியிருப்பு வீடுகளுக்குப் பதிலாக ஹோட்டல்களில் தங்கலாம். அங்கேயே பல காலமாக நடக்கும் கடைகளிலும் சந்தையிலும் வாங்கலாம்.

செல்வோர் கவனத்திற்கு

• நகர மையத்திலிருந்து கபன்யல் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். பேருந்து, டிராம், ரயில் வசதிகள் உண்டு.

• சந்தை காலையில் சுறுசுறுப்பாக இருக்கும். வியாழக்கிழமைகளில் அதைச் சுற்றித் தெருச் சந்தையும் கூடும்.

• சோற்று உணவு மதிய உணவாகவே உண்ணப்படுகிறது. மதியம் இரண்டு மணியளவில்தான் கடைகள் நிறையும். பல கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்கே சமைப்பார்கள்.

• மாடு, பன்றி, குதிரை இறைச்சி தவிர்ப்போர், ரொட்டியில் என்ன வைக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

• கோடை மாலைகளில் மூத்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு முகப்பைப் படம் எடுக்குமுன் ஒரு வணக்கம் சொல்லி அனுமதி கேட்பது நல்லது.