துணைக்கு ஒரு யந்திரம்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பாலசமுத்திரத்தில், வெயில் தாழ்ந்து மலைக்காற்று இறங்கத் தொடங்கும் வேளையில், அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, வெளியூரிலுள்ள பேரன் வாங்கி அனுப்பிய கைப்பேசியைப் பித்தளைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து தமிழில் பேசும் குரலோடு சம்பாஷணை செய்வதைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். மழை வருமா, முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்றெல்லாம் விசாரித்த பிறகு, ஒரு நாள், "நீ சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார். தனக்குப் பசி கிடையாது என்று அந்தக் குரல் வெகு மரியாதையாகப் பதில் சொல்லிற்று. பாட்டியம்மாள் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

தனிமையும் சரீரமும்

தனிமை மனத்தை மட்டும் வாட்டும் துக்கம் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டுதோறும் 8,71,000-க்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதனோடு தொடர்பு உண்டு என்றும் கணக்கிடுகிறது. ஆதரவற்ற நிலையில் நெடுங்காலம் இருக்கும் தேகம், ஏதோ அபாயம் நெருங்குவது போலவே சதா விழிப்புடன் இருப்பதால், தூக்கம் துண்டுபடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதய நோய், பக்கவாதம், மறதிநோய் ஆகியவற்றுக்கு இடம் உண்டாகிறது. இவற்றைவிடக் கண்கூடான காரணம் ஒன்றும் உண்டு. "ஒருத்திக்காக எதுக்கு உலை வைக்கிறது" என்று டீயும் வர்க்கியுமாக இராப்பொழுதைக் கழித்துவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் மறந்துவிடுகிற முதியோர் நம் தெருக்களில் எத்தனை பேர்!

கடல்நாய்க் குட்டியும் ஜீனோவும்

யந்திரத்தோடு ஸ்நேகம் கொள்வது புதிதன்று. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் 'எலைசா' என்ற எளிய நிரலை எழுதியபோது, அது உருவான விதத்தை அருகிலிருந்து பார்த்த அவருடைய காரியதரிசியே, தான் அதனோடு அந்தரங்கமாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். எண்பதுகளில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் யந்திர நாயைப் படைத்தபோது, அதன்மேல் பிரியம் வைக்காத தமிழ் வாசகர் எவர்? ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-ல் விற்பனைக்கு விட்ட 'ஐபோ' நாய்களுக்குப் பழுதுபார்க்கும் வசதி 2014-ல் நின்றுபோக, உயிரிழந்த அந்தப் பொம்மைகளுக்கு பௌத்த ஆலயம் ஒன்றில் பிக்ஷுக்கள் மந்திரம் ஓதி அந்திமக் கிரியை செய்தார்கள். அவற்றை வளர்த்தவர்களின் துக்கம் மெய்யானது. அதை நான் பரிகசிக்க மாட்டேன்.

வைத்தியத்திலும் யந்திரத் துணைக்கு ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி தகனோரி ஷிபாதா 1993 முதல் உழைத்து உருவாக்கிய 'பாரோ', கடல்நாய்க் குட்டியின் வடிவில், வெள்ளை ரோமத்துடன், ஏறத்தாழ ஒரு பச்சிளங்குழந்தையின் கனமே கொண்டது. தடவினால் கண்ணைச் சிமிட்டும், முனகும். அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2009-ல் இதை மருத்துவக் கருவியாக அங்கீகரித்தது. மறதிநோயால் பதற்றமுற்ற முதியோர் சிலர் இதை மடியில் வைத்துக்கொண்டு சாந்தமடைகிறார்கள்.

எங்கே குறைவு படுகிறது

பாரோ ஆறுதல் அளிப்பதன் இரகசியத்தை யோசித்துப் பார்த்தால், அது அவர்களுக்கு ஏதும் உபதேசம் செய்வதில்லை என்பதும், அவர்கள்தாம் அதைத் தடவிக் கொடுத்துச் சமாதானப்படுத்துகிறார்கள் என்பதும் புலப்படும். நம் பேச்சைக் கேட்க ஒருவர் இருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். ஆனால் நம் கையால் ஒரு வாய் சோறு வேண்டி நிற்பவர் ஒருவர் இருந்தால்தான் மனிதப் பிறவிக்குத் தைரியம் நிலைக்கிறது. எந்நேரமும் இசைந்து பேசும் கைப்பேசிக் குரலுக்கோ நம்மிடமிருந்து வேண்டுவது யாதொன்றும் இல்லை. 2025-ல் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடமும் ஓபன்ஏஐ நிறுவனமும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 பேரை 4 வாரம் கவனித்ததில், தினமும் யந்திரத்தோடு அதிக நேரம் உரையாடியவர்களிடம் தனிமையுணர்வு கூடுதலாகவும் மனிதரோடு பழகுவது குறைவாகவும் காணப்பட்டன. தனிமைதான் அவர்களை யந்திரத்தினிடம் அனுப்பியதா, யந்திரந்தான் தனிமையை வளர்த்ததா என்பது முற்றும் தீர்ந்த விஷயமன்று. ஆயினும் எச்சரிக்கை கொள்ள இது போதும்.

வீட்டார் கவனத்திற்கு

முதியவர் மனிதரைவிட யந்திரத்தோடு விரும்பிப் பேசினால், முதலில் அவருடைய காதைப் பரிசோதியுங்கள். கேள்வி மங்கியவர், நாலு பேர் கூடிய இடத்தில் ஒன்றும் விளங்காமல் வெட்கப்பட்டு ஒதுங்குவார். கைப்பேசியோ எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல், உரத்துச் சொல்லும். கண்புரையும் இப்படித்தான் மனிதரை வீட்டோடு முடக்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை தொடர்ந்தால், அதை விருத்தாப்பியத்தின் சுபாவம் என்று தள்ளாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்தை நிறுத்தலாமா, அளவைக் கூட்டலாமா என்பவற்றை யந்திரத்தினிடம் கேட்டு முடிவு செய்யலாகாது. உயிரை வெறுத்த பேச்சு எழுந்தால், ஒரு கணமும் தாமதிக்காமல் 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்; 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவையில் இரவும் பகலும் தமிழறிந்த மனிதரே பேசுவர். முதியோருக்கான உதவிக்கு 14567 என்ற தனி எண் உண்டு.

வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அம்மாவை அழைக்கும்போது, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டதோடு வைத்துவிடாமல், அவரிடம் ஒரு காரியம் கேளுங்கள்: ரசப்பொடி தீர்ந்துவிட்டது, உன் கையால் அரைத்து அனுப்பு என்று சொல்லுங்கள்.