என் மேஜைமேல் ஒரு மிங்க்

நானே ஒட்டிச் சேர்த்த விரல் நீளச் சரக்கு வண்டி ஒன்று விடுதி அறையில் என் மேஜைமேல் நிற்கிறது. "இது என்ன, குழந்தை விளையாட்டு?" என்று நகைக்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1886 முதல் கட்டிய இரும்பு மூடுவண்டியே இதன் அசல். தந்திச் செய்தியில் சொற்களை மிச்சப்படுத்த, மூடிய சரக்கு வண்டிக்கு 'மிங்க்' என்று ஒரு விலங்கின் பெயரை வைத்தார்கள். கார்டு அமரும் பிரேக் வண்டிக்கோ 'டோட்', அதாவது தேரை! மிங்கின் நீளம் 16 அடி. அடிக்கு 4 மில்லிமீட்டர் வீதம் என் வண்டி 64 மில்லிமீட்டர். இதுவரை கணக்குச் சரி.

சக்கரங்களை அளந்தபோதுதான் திடுக்கிட்டேன். அசல் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம், எனக்கு 18.83 மில்லிமீட்டர் வரவேண்டும். இருப்பதோ 16.5 மில்லிமீட்டருக்கான சக்கரம்! ஒரு வாரம் என் கைவேலையையே நொந்துகொண்டேன். பிழை என்னுடையதன்று. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அக்கால மோட்டார் அவற்றின் மாதிரிக்குள் அடங்கவில்லை. ஆகவே அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற அளவுக்குரிய தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வண்டிகளை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள். அந்த ஏற்பாடே இன்றும் நீடிக்கிறது.

இது பொறுக்காத சிலர் 18.83க்கே சக்கரமும் தண்டவாளமும் அமைக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? பக்கவாட்டில் பார்த்தால் குறை தெரியாது. என் மிங்க் பக்கவாட்டிலேயே நிற்கிறது.