மாநிலம் மாறினால் மறுபடியும் மனு!

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் படும் பாடு

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருக்கின்றன. ஒரு மாநிலத்தில் கார் ஓட்ட லைசென்சு வாங்கியவர், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கும் காரை ஓட்டிச் செல்லலாம். தடை இல்லை.

ஆனால் பள்ளிக்கூட ஆலோசகரின் கதை வேறு. அவர் குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், கையில் உள்ள சர்டிபிகேட்டு அங்கே தானாகச் செல்லாது. பல ஆண்டு அனுபவம் இருந்தாலும் புதிதாக மனுப் போட வேண்டும்!

யார் இந்த ஆலோசகர்?

பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. படிப்பு ஏறாத பையன், வீட்டுச் சண்டையால் மனம் ஒடிந்த பெண், அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் விழிக்கும் மாணவன்—இவர்களை அருகில் உட்கார வைத்து, குறையைக் கேட்டு, வழி காட்டுவது ஆலோசகரின் வேலை.

1957-ம் ஆண்டில் ரஷ்யா "ஸ்புட்னிக்" என்ற செயற்கைக் கோளை விண்ணில் பறக்க விட்டது. அமெரிக்கா திடுக்கிட்டது. கெட்டிக்கார மாணவர்களைக் கண்டுபிடித்து ஊக்கம் கொடுக்க 1958-ல் ஒரு சட்டம் செய்தது. ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்தச் சட்டத்தில் பணமும் ஒதுக்கியது. அதன் பிறகு ஆலோசகர்கள் பெருகினார்கள்.

ஆனாலும் பற்றாக்குறைதான். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று அவர்களுடைய சங்கம் சொல்கிறது. 2022-23-ல் ஓர் ஆலோசகருக்குச் சராசரியாக 385 மாணவர்கள் இருந்தார்கள்.

ஏன் செல்லாது?

அமெரிக்காவில் கல்வி, மாநில சர்க்காரின் பொறுப்பு. பள்ளியில் யார் வேலை செய்யலாம் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது.

எம்.ஏ. போன்ற மேற்படிப்பைப் பெரும்பாலான மாநிலங்கள் கேட்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. மாசசூசெட்சில் மொழித் திறமைப் பரீட்சை எழுத வேண்டும். நியூயார்க்கில், குழந்தைகள் கொடுமைக்கு ஆளாவதைக் கண்டுபிடிப்பது, பள்ளியில் வன்முறையைத் தடுப்பது, மாணவரை மாணவர் துன்புறுத்தாமல் காப்பது ஆகிய மூன்றிலும் பயிற்சி பெற வேண்டும். மூன்றாவது பயிற்சி மட்டும் 6 மணி நேரம்!

பழைய மாநிலத்தில் கைரேகை கொடுத்திருந்தாலும், புதிய மாநிலத்தில் பெரும்பாலும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் உண்டு, ஆனால்...

மாநிலங்களுக்குள் "நாஸ்டெக்" என்ற ஒப்பந்தம் இருக்கிறது. இதில் பல மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. "அப்படியானால் சர்டிபிகேட்டை நீட்டினால் போதும்" என்று பலர் நினைத்து ஏமாறுகிறார்கள். எந்த மாநிலத்துச் சர்டிபிகேட்டை, என்ன நிபந்தனையோடு ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கும். ஒப்பந்தம் கதவைத் திறக்கும், நிபந்தனைகளை நீக்கிவிடாது.

ராணுவக் குடும்பங்கள்

இதனால் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் ராணுவ வீரர்களின் மனைவிமார். கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி ஆலோசகராக இருந்தால், போகும் இடமெல்லாம் புதிய மனு!

ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கு முதலில் வழி பிறந்தது. 2008-ல் அதற்கென்று ஒரு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இன்று 50 மாநிலங்களும் அதில் இருக்கின்றன. பெற்றோர் கையில் கொண்டு வரும் பள்ளிக் காகிதங்களைப் பார்த்தே பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். விட்டுப்போன தடுப்பூசிகளைப் போட 30 நாள் அவகாசம் உண்டு.

அந்தப் பிள்ளையைத் தேற்றும் ஆலோசகருக்கோ, 2023 ஜனவரியில்தான் விடிவு வந்தது. ராணுவ மாற்றலால் இடம் மாறுகிற வீரரும், அவருடைய மனைவி அல்லது கணவரும் வைத்திருக்கும் தொழில் லைசென்சைப் புதிய மாநிலமும் மதிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. மாற்றல் உத்தரவின் நகலைக் காட்ட வேண்டும். லைசென்சின் மீது குற்றச்சாட்டு எதுவும் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்குப் பழைய வழிதான்.

என்ன செய்யலாம்?

புறப்படும் முன்பே புதிய மாநிலத்தின் கல்வி இலாகாவுக்கு மனுப் போடுவது நல்லது.

படித்த பல்கலைக்கழகத்தில் மார்க்குப் பட்டியலும், பயிற்சி முடித்ததற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை பார்த்த பள்ளியிலிருந்து அனுபவச் சான்றும் அவசியம். ஊரை விட்ட பிறகு இவற்றுக்கு அலைவது கஷ்டம்.

பழைய சர்டிபிகேட்டைக் காலாவதியாக விடக் கூடாது. செல்லுபடியாகும் சர்டிபிகேட்டு வைத்திருப்பவருக்குப் பல மாநிலங்கள் தற்காலிக அனுமதி கொடுக்கின்றன. அதை வைத்து வேலையில் சேர்ந்து, பாக்கிப் பரீட்சையைப் பிறகு முடிக்கலாம்.

குழந்தைகளைத் தகுதியில்லாதவர் கையில் விடக் கூடாது என்றுதான் இத்தனை விதிகள். அது நியாயமே. ஆனால் தகுதி உள்ளவர் காகிதத்துக்காகக் காத்திருக்கும்போது பள்ளியில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடக்கிறது. தாமதத்தினால் நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் வாசலில் நிற்கும் மாணவனுக்கும்தான்!