பறிக்கப்பட்ட பெயர்களும் ஹெல்சின்கி உடன்பாடும்

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டியிலே, ஐந்தடி உயரங்கூட இல்லாத ஓர் இளைஞர் தமது உடல் எடையின் மூன்று மடங்கிலும் கூடிய பாரத்தைத் தலைக்குமேல் உயர்த்தித் தங்கப் பதக்கம் வென்றார். அவர்தாம் நயீம் சுலைமானோக்லு. துருக்கியின் சார்பில் போட்டியிட்ட அவர் பிறந்தது பல்கேரியாவில். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் பல்கேரிய அணியில் "நாவும் ஷலமனோவ்" என்ற பெயரில் இருந்தார். அது பெற்றோர் வைத்த பெயரன்று. அரசாங்கம் வைத்த பெயர். 1986இல் மெல்பேர்ன் நகருக்குப் போட்டிக்காகச் சென்றவர் அங்கேயே அணியைவிட்டு நீங்கித் துருக்கியிடம் அடைக்கலம் கோரினார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பல்கேரியாவில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கிய இன முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 1984ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அவர்கள் அனைவரது பெயர்களும் மாற்றப்பட்டன. படையினரும் பொலிஸாரும் கிராமங்களைச் சூழ்ந்துகொண்டனர். புதிய பெயருடன் புதிய அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. பொது இடத்தில் துருக்கி மொழி பேசினால் தண்டப்பணம். கத்னா செய்வதும் தடை. இத்தனையையும் "மறுமலர்ச்சி" என்று அந்த அரசு அழைத்தது. மக்கள் தாமாகவே விரும்பிப் பெயர் மாற்றினர் என்றும் உலகுக்குச் சொன்னது. ஏழாம் நாளில் பெயர் சூட்டி அகீகா கொடுக்கும் நமக்கு, ஒரு முழுச் சமூகத்தின் பெயரும் ஒரே குளிர்காலத்தில் அழிக்கப்படுவது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாடு தன் பிரஜைகளை நடத்தும் விதத்தை மற்றொரு நாடு கேட்க முடியுமா? "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்பதே கிழக்கு ஐரோப்பிய அரசுகளின் வழக்கமான பதில். அந்தப் பதிலை மெல்ல மெல்லப் பலவீனமாக்கியது 1975 ஓகஸ்ட் 1ஆம் திகதி பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 35 நாடுகள் கையொப்பமிட்ட ஓர் ஆவணமாகும். அமெரிக்காவும் கனடாவும் சோவியத் யூனியனும் அல்பேனியா நீங்கலாகப் பெரும்பாலும் ஐரோப்பா முழுவதும் அதில் சேர்ந்திருந்தன.

இதை மிகவும் விரும்பியவர் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் என்பதுதான் வியப்பு. இரண்டாம் உலகப் போரின் பின் ஏற்பட்ட எல்லைகளை மேற்கு நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவரது நோக்கம். ஆவணத்தின் பத்துக் கோட்பாடுகளில் எல்லைகளை மீறாமை ஒன்று. உள்விவகாரங்களில் தலையிடாமை மற்றொன்று. ஆனால் ஏழாவது கோட்பாடு, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை உள்ளிட்ட மனித உரிமைகளை மதிப்பதாகும். எல்லைக்கு விலையாக இது கொடுக்கப்பட்டது எனலாம். மேற்கிலே பலர் இதனை வெறும் காகிதம் என்று இகழ்ந்தனர். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக அது இருக்கவுமில்லை.

அந்தக் காகிதத்தை ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. சோவியத் பத்திரிகைகள் முழுமையாக அச்சிட்டன. வாசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1976 மே மாதத்தில் பௌதிகவியலாளர் யூரி ஓர்லோவ் மொஸ்கோவில் ஒரு சிறு குழுவை அமைத்து, அரசு தன் வாக்கை எங்கெங்கு மீறுகிறது என்று பதிவு செய்யலானார். 1944இல் தாயகத்திலிருந்து துரத்தப்பட்ட கிரிமியத் தாத்தாரிய முஸ்லிம்களின் துயரமும் அக்குழுவின் அறிக்கைகளில் இடம்பெற்றது. ஓர்லோவுக்குக் கிடைத்தது ஏழாண்டுச் சிறையும் ஐந்தாண்டு நாடுகடத்தலும்.

இந்நாடுகள் இடையிடையே கூடி, கொடுத்த வாக்குகளைப் பரிசீலித்து வந்தன. 1989 ஜனவரியில் வியன்னாவில் முடிவுற்ற கூட்டத்தில் ஒரு நடைமுறை வகுக்கப்பட்டது: மனித உரிமை பற்றி ஒரு நாடு வினவினால் மற்ற நாடு பதிலளிக்க வேண்டும். அவ்வாண்டு மே 30இல் பாரிஸில் மனித உரிமை மகாநாடு தொடங்கவிருந்தது. உலகின் கண்கள் அங்கே இருக்கும் என்பதை அறிந்த பல்கேரிய முஸ்லிம்கள் அதற்கு முந்திய நாட்களில் உண்ணாவிரதமிருந்தனர், ஊர்வலம் சென்றனர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பின்னர் எல்லை திறக்கப்பட்டது. ஒரே கோடைகாலத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு துருக்கிக்குச் சென்றனர்.

நவம்பர் 10இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஷிவ்கோவ் பதவியிழந்தார். டிசம்பர் 29இல் பெயர் மாற்றக் கொள்கை கைவிடப்பட்டது. 1990 மார்ச்சில் பழைய பெயரை மீளப்பெறுவதற்குச் சட்டம் வந்தது. வெளியேறியோரில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் திரும்பினர். இவை யாவும் ஹெல்சின்கி ஆவணத்தால் மட்டும் நிகழ்ந்தன என்று சொன்னால் அது மிகை. கிழக்கு ஐரோப்பா முழுவதுமே அவ்வாண்டு ஆட்டங்கண்டிருந்தது. எனினும், வீதிக்கு வந்த மக்கள் தங்கள் அரசே கையொப்பமிட்ட வாக்கைக் காட்டிப் பேச முடிந்தது. 1991இல் மொஸ்கோவில் கூடிய நாடுகள், மனித உரிமை என்பது ஒரு நாட்டின் உள்நாட்டு விவகாரம் மட்டுமன்று என வெளிப்படையாகவே எழுதின.

அந்த மகாநாடு 1995 முதல் "ஐரோப்பிய பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்புக்கான அமைப்பு" என்ற பெயரில், வியன்னாவைத் தலைமையகமாகக் கொண்டு 57 நாடுகளுடன் இயங்குகின்றது. எல்லா நாடுகளும் இணங்கினாலன்றி அங்கே பொதுவாக எதுவும் நிறைவேறாது. 1975இல் சின்னஞ்சிறு மோல்டா தன் கோரிக்கைக்காக எல்லா வல்லரசுகளையும் காத்திருக்க வைத்தது இந்த விதியால்தான். 2022 மார்ச்சில், உக்ரைனில் எட்டாண்டுகள் பணியாற்றிய கண்காணிப்பாளரின் காலத்தை நீடிக்க ரஷ்யா இணங்க மறுத்து, அவர்களை வெளியேற வைத்ததும் இதே விதியால்தான்.